பிரேக் இல்லாத வண்டி

விடியும் முன்பே எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகள் வரிசை கட்டிவிட்டார்கள். ஈயக் கவசம் தோளை அழுத்த, படக்கார அக்கா ஒவ்வொருவரையும் தாங்கிப் பிடித்துப் பலகையோடு சேர்த்து நிறுத்தினாள்.

"பலகை சில்லுன்னு இருக்கும், பயப்படாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க."

தூக்கத்திலும் இதையே உளறுகிறாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் நெஞ்சில் சளியா நீரா, எலும்பில் முறிவா வெறும் வீக்கமா என்று அவள் படம் சொன்ன பிறகுதான் அந்த ஆஸ்பத்திரியில் மருந்தும் கத்தியும் அசையும்.

மாடி வார்டிலிருந்து நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்து, நீண்ட சரிவுப்பாதை வழியாக இறக்க வேண்டும். லிப்ட் பழுதாகி வெகுநாளாகிறது. ஸ்ட்ரெச்சர்களின் பிரேக் தேய்ந்துபோய், பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு வண்டிக்கு இரண்டு பேர். ஆட்குறைப்புக்குப் பிறகு ஒருவர்தான்.

அன்று காலை, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை 'எஞ்சின்' இறக்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்காமல் வண்டி தள்ளுவதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். பாதி வழியில் வண்டி கையை மீறி ஓடியது. விட்டிருந்தால் கொத்தனாரோடு சுவரில் மோதியிருக்கும். எஞ்சின் பாய்ந்து முன்னால் போய்த் தன் காலையே முட்டுக்கொடுத்தான். வண்டி நின்றது. அவனால் நிற்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. முதல்ல அவரைப் பாருங்க" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர் வந்தார், நின்றபடியே பார்த்தார். "சுளுக்கு. வேடிக்கை பார்க்காம வேலையைப் பாருங்க."

அவர் போனதும் டூட்டி டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்த்தாள். "படம் எடுங்கக்கா. நான் எழுதித் தர்றேன்."

கொத்தனாருக்குப் படம் எடுத்து முடித்துவிட்டு எஞ்சினைப் படுக்க வைத்தாள் அக்கா. திரையில் கால் எலும்பு இரண்டு துண்டாகி, ஒன்றை விட்டு ஒன்று விலகிக் கிடந்தது.

சற்று நேரத்தில் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் படத்தை அழிச்சிடு. அவன் வீட்ல வழுக்கி விழுந்தான். புரியுதா?"

"அழிச்சா எலும்பு ஒட்டிக்குமா சார்?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். இதை அழிச்சா, நாளைக்கு நான் எடுக்கற படத்தை எந்த நோயாளி நம்புவான்?"

வெளியே வந்தபோது வராந்தாவில் வண்டிக்காரர்கள், நர்சுகள், துப்புரவுப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். உள்ளே நடந்ததைச் சொன்னாள்.

"வேலையை நிறுத்திடுவோம்" என்றான் ஒருவன்.

"நிறுத்தினா படுத்துக் கிடக்கறவங்க கதி?" என்றாள் ஒரு நர்ஸ்.

வார்டு ஆயா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நோயாளியைக் கையாலயே தூக்கிட்டுப் போவோம். வண்டியைத் தொட வேணாம்."

முதலாளி அறையை விட்டு வந்தார். "என்ன, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார். நாங்க வேலை செய்றோம். வண்டிதான் செய்யாது" என்றாள் ஆயா. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அக்கா முன்னால் வந்தாள். "பிரேக் போடுங்க. வண்டிக்கு ரெண்டு பேர் குடுங்க. இங்கதான் அடிபட்டான்னு ஒத்துக்கிட்டு, அவன் காலைச் சரி பண்ணுங்க. வண்டி ஓடும்."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அப்படியே செய்ங்க சார். ஆனா ஒருத்தரை மட்டும் அனுப்ப முடியாது."

அவர் ஒரு வாக்கும் தரவில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

மாடியில் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தாள் ஒரு பெண். கீழே ஸ்கேன் பார்க்காமல் அறுவைக்குக் கொண்டுபோக முடியாது. படுக்கைவிரிப்போடு அவளை ஏந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். பில் போடுகிற இளைஞனும் நாற்காலியை விட்டு வந்து ஒரு ஓரத்தைப் பற்றினான். அவன் வருவான் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"பயப்படாதே தாயி, நாங்க இத்தனை பேர் இருக்கோம்" என்றாள் ஆயா.

சரிவுப்பாதையில் அத்தனை கால்களும் ஒன்றாக அடியெடுத்து இறங்கத் தொடங்கின.