எனக்குப் பதிலாகச் சொன்ன குரல்

என் பெயர் கருத்தக்கண்ணன். வயது பதினெட்டு. மதுரையில் ஆற்றுக்கு வடக்கே கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். காலேஜில் இண்டர்மீடியட் முதல் வருஷம். உடம்பு இப்போது தேவலை. அம்மா முதலில் அதைத்தான் கேட்கும்.

இந்தக் கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டப்போகிறவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். அவருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் வயது வந்த ஆண்கள் ரேகைச் சட்டத்தில் இருக்கிறார்கள்; குற்றப்பரம்பரை என்று சர்க்கார் எல்லார் கைரேகையையும் எடுத்து வைத்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும் சாவடிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார வேண்டும். போலீஸ்காரர் பெயர் கூப்பிட்டால் எழுந்து, அப்பன் பெயரோடு சொல்லி, அரிக்கேன் வெளிச்சத்தில் முகத்தைக் காட்ட வேண்டும். ஒரு நாள் என் அண்ணன் மொக்கையன் கமலையில் தண்ணீர் இறைத்துவிட்டு வர நேரமாகிவிட்டது. அவர் சேக்காளி பேயாண்டி அவருக்கும் சேர்த்து “இருக்கேன்” என்றார். போலீஸ்காரர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். திரும்பி வந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

படிக்கிறவன் என்று என் ரேகையை மட்டும் எடுக்கவில்லை. “காலேஜ்ல இருக்கிற வரைக்கும் சரி. அங்கிட்டிருந்து தொரத்துனாங்கன்னா நேரா இங்கதான் வரணும்” என்று சப்இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினார். அதனால் இங்கே எனக்குப் பாடத்தைவிட ‘தொரத்துறது’ என்ற அந்த ஒரு சொல்தான் பயம்.

முதல் நாள் சரித்திர வாத்தியார் வகுப்பில் பெயர் கூப்பிட்டார். பையன்கள் உட்கார்ந்தபடியே “பிரசன்ட் சார்” என்றார்கள். என் முறை வந்தது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தேன். “கருத்தக்கண்ணன், அப்பன் பேரு நல்லகாமன், இருக்கேங்கய்யா” என்று சொல்லி முகத்தைத் தூக்கிக் காட்டினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “மாப்ள, ஒங்கப்பாவும் கூட வந்திருக்காரா?” என்றான்.

அவன்தான் சிக்கந்தர். நான் இருக்கும் அறை அவர்கள் வீட்டு மாடி. அன்று சிரித்தவன், அன்றிலிருந்து தினமும் என்னோடுதான் காலேஜுக்கு நடந்தான்.

தை மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. சிக்கந்தரின் அம்மா கஞ்சி கொடுத்தனுப்பினார்கள். காய்ச்சல் விட்ட அன்று அவனே தூக்குச்சட்டியோடு மேலே வந்தான்.

“எந்திரிச்சிட்டியா மாப்ள? ஒண்ணும் கவலப்படாத. வகுப்புல ஒனக்கும் நானே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்ன?”

“பிரசன்ட் சார்னு. எனக்கு ஒரு குரலு, ஒனக்கு ஒரு குரலு. ஒன் குரல மட்டும் கொஞ்சம் மூக்கால சொன்னேன். பின்பெஞ்சுல சிரிப்புத் தாங்கல.”

“மொகத்தப் பாத்தாரா?”

“யாரு?”

“வாத்தியாரு.”

“அவரு எங்க பாத்தாரு? புதுப்பொண்ணு மாதிரி குனிஞ்ச தல நிமிர மாட்டாரே.”

அவன் சிரித்துக்கொண்டே கஞ்சியை ஊற்றினான். நான் அதை ஓரமாக வைத்தேன். இன்று பார்க்காதவர் நாளைக்குப் பார்ப்பார். அப்போது அவனும் போவான், நானும் போவேன். அவன் போனால் அவன் வீட்டுக்குப் போவான். நான் எங்கே போவேன் என்று வீட்டுக்குத் தெரியும்.

மறுநாள் வாத்தியார் அறைக்குப் போனேன். வாசல் ஓரம் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

“ஏன் கீழே உட்கார்ந்திருக்கே? எழுந்திரு” என்றார்.

“காய்ச்சல்ல கெடந்தேங்கய்யா. வகுப்புக்கு வரல. ஆனா வந்ததா எழுதியிருப்பீங்க.”

“உனக்காக யார் சொன்னது?”

“அத மட்டும் கேக்காதீங்கய்யா. தொரத்துறதா இருந்தா என்னைய மட்டும் தொரத்துங்க.”

“துரத்துறதா? இதுக்கா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வருஷா வருஷம் பசங்க செய்றதுதான். எவனும் வந்து சொன்னதில்லை. நீ எதுக்கு வந்தே?”

சாவடியைப் பற்றிச் சொன்னேன். அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவர் பெயர்ப் பதிவேட்டைப் பிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, நான் படுத்திருந்த நாட்களை எல்லாம் வராத நாட்களாகத் திருத்தினார்.

“உன்னை யாரும் துரத்தலை. ஆனா நீ வந்த நாள் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. இனி நாள் விட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்க. அப்புறம் இங்கே இடம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

அடுத்த நாளிலிருந்து அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். பகல் ஆட்டம் பயாஸ்கோப்புக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள். யார் போய்ச் சொன்னது என்று வகுப்பில் பையன்கள் கேட்டார்கள். சிக்கந்தருக்கு நான்தான் என்று புரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. வீட்டு மாடிப்படியில்தான் கேட்டான்.

“நான் நல்லதுதான மாப்ள பண்ணுனேன்?”

“ஆமா.”

“இது என்ன ஜெயிலா? காலேஜ்டா.”

“தெரியும்.”

“பெறகு எதுக்குப் போய்ச் சொன்ன? அவரு பாட்டுக்குக் குனிஞ்சிருந்தாரு. இப்ப எங்க எல்லாரையும் மொறச்சு மொறச்சுப் பாக்குறாரு.”

காலித் தூக்குச்சட்டியை அவன் கையில் கொடுத்தேன். அவன் இறங்கிப் போய்விட்டான். கஞ்சி இன்னும் வருகிறது. வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். காலேஜுக்குத் தனியாக நடக்கிறேன்.

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வரச் சொல்லி அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். சாமிப் பெட்டி எடுத்து, சாமி கும்பிட்டு, கறிச்சோறு முடிந்து திரும்ப நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்கள் என்னிடம் இல்லை. சாமிக்கு வராதவன் என்று பங்காளிகள் பேசுவார்கள். பேசட்டும். பரீட்சை முடிந்ததும் வாரேன்.

இதை வாசிக்கிறவருக்கு: நான் சிவராத்திரிக்கு வரவில்லை என்பதை அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அண்ணன் வீட்டில் இருக்கும்போது சொல்லுங்கள். ஏன் என்று அவர் அம்மாவுக்குச் சொல்லிக்கொள்வார்.