சர்வருக்கு மட்டும் ஒரு ட்ரிப் சுவிட்ச்

கண்டி நகரில் அந்த மூன்றாம் மாடி அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஒரு ட்ரிப் சுவிட்ச்தான் இருந்தது. எங்காவது மின்சாரம் கசிந்தால் அது கீழே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். மேசைக் கம்ப்யூட்டர்களும், கண்ணாடி அறைக்குள் இரும்பு ராக்கையில் அடுக்கியிருந்த சர்வர்களும், தேநீர் அறையின் மின்சாரக் கேத்தலும் அதன் கீழேதான். சர்வர் என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். எல்லாக் கசிவும் சேர்ந்து விளிம்பில் நிற்கும் நேரம் பார்த்து, தேநீர் தயாரிக்கும் இரத்தினம்மா கேத்தலைப் போடுவாள். சுவிட்ச் விழும்.

அப்போது எல்லோரும் நிரஞ்சனியைத் திரும்பிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குச் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. சர்வர் நின்றால் ஹேவாஹெட்டப் பக்கத்திலிருந்து வரும் தேயிலைக் கொழுந்து நிறைக் கணக்கெல்லாம் பாதி வழியில் நிற்கும். யூபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாள். அவள் எழுந்துபோய்ச் சுவிட்சை மேலே தள்ளுவாள், தானே விழுந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு.

சர்வர்களின் பிளக்குகளுக்குத் தனி வயர் இழுத்து, அதற்கென்று ஒரு ட்ரிப் சுவிட்ச் போடவேண்டும் என்று முதலாளி வீரசிங்கத்திடம் பலமுறை சொல்லியிருந்தாள். அவர் கடைசியில் கெலிஓயாவிலிருந்து ஷப்ராஸ் என்ற வயர்மனைக் கூட்டிவந்தார். ஷப்ராஸ் சர்வர் வயரைச் சுவிட்சிலிருந்து கழற்றி, அதற்கு முன்னாலேயே மெயின் சுவிட்சிலிருந்து நேராகக் கொடுத்துவிட்டான்.

"எல்லா எடத்துலயும் இப்பிடித்தான் மிஸ் செய்யிற. இனி விழாது."

யாருக்காவது ஷாக் அடித்து, விழவேண்டிய நேரத்திலும் விழாமல் போகுமே என்றாள் நிரஞ்சனி. நவராத்திரி வாணி விழா முடியட்டும், பிறகு ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்றார் வீரசிங்கம். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். கடுகண்ணாவையில் அண்ணன் குடும்பமும் அவள் சம்பளத்தில்தான் இருந்தது. ஆனால் உண்மையில் அந்த நேரம் அண்ணன் நினைவு வரவில்லை. தலை தானாக ஆடியது. இருபது வயதிலிருந்து அப்படித்தான் ஆடிப் பழகியிருந்தது.

ஆயுத பூசையன்று மேசைகளைத் துடைத்து, கம்ப்யூட்டர்களை அணைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சர்வர் அறை மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நிரஞ்சனி முதலாளியிடம் போனாள். இன்று கருவிகளெல்லாம் ஓய்ந்திருக்க வேண்டிய நாள், பூசை முடியும்வரையாவது சர்வரையும் அணைத்துவைக்கலாமே என்றாள். சாமி பெயரைச் சொன்னாலாவது கேட்பார் என்று நினைத்தாள்.

வீரசிங்கம் சிரித்தார். "கத்தி, மம்பட்டிக்குத்தான் ஓய்வு. இது சரஸ்வதி, நிரஞ்சனி. சரஸ்வதிய அணைப்பாங்களா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தீபாராதனை முடிந்து, மஞ்சள் நீர் தெளிக்கும் வேலை இரத்தினம்மாவிடம் வந்தது. செம்பும் மாவிலையுமாக மேசை மேசையாகப் போனவள் கண்ணாடி அறைக்குள்ளும் நுழைந்தாள். நிரஞ்சனி வேண்டாம் என்று கூப்பிடுவதற்குள் ராக்கைக்குப் பின்னால் பிளக்குகள் இருந்த மூலைக்கும் தெளித்துவிட்டு, பொட்டு வைக்க இரும்புக் கதவில் ஈரக் கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. சத்தம் எதுவும் வரவில்லை. செம்பு மட்டும் உருண்டது.

நிரஞ்சனி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தாள். அலுவலகம் இருண்டது. இரத்தினம்மா தரையில் சரிந்தாள்.

"சர்வருக்கு ஒண்ணும் ஆகலியே?" இருட்டில் முதலில் கேட்டது வீரசிங்கத்தின் குரல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது நிரஞ்சனி வாயைத் திறந்தாள். அதற்குள் இரத்தினம்மா கட்டிலிலிருந்து பேசிவிட்டாள். "ஏங் கைதான் ஈரமா இருந்திச்சிங்க. ஏந் தப்புதான்." வீரசிங்கம் அவள் தலையைத் தடவினார். நிரஞ்சனிக்கு அவள்மேல் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது, ஷப்ராஸ் முன்னால் தலையாட்டியபோது தானும் இதையேதான் செய்திருந்தாள், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே ஷப்ராஸ் மறுபடி வந்தான். பூசையன்று திடீரென்று நின்றதில் ஒரு சர்வரின் டிஸ்க் பழுதாகி, இரண்டு தோட்டங்கள் வீரசிங்கத்தைத் தொலைபேசியில் ஏசியிருந்தன. ஆகவே சர்வர் பிளக்குகளுக்குத் தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி எல்லாம் ஒரே நாளில் வந்தன. நிரஞ்சனி கேட்டபடியே. சர்வருக்காக.

வேலை முடியும் நேரம் இரத்தினம்மா கேத்தலைப் போட்டாள். அதற்குள் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள், வலது கையின் இரண்டு விரல் இன்னும் மரத்திருந்தது. பழைய சுவிட்ச் விழுந்தது. கேத்தலே கசிகிறது என்றான் ஷப்ராஸ்.

"அப்ப தேத்தண்ணி ரூமையும் நேரா குடுத்திருங்க," என்றார் வீரசிங்கம்.

"வேணாம்," என்றாள் நிரஞ்சனி.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மறுபடியும் சொன்னாள். அந்த வயரைத் தொட்டால் மின்சார சபைக்கு அறிவிப்பேன் என்றும் சொன்னாள். வீரசிங்கம் கோபப்படவில்லை. "சரி. கேத்தலே வேணாம். கீழ்க் கடையில சொல்லி பிளாஸ்க்ல எடுப்போம்."

அன்று கடுகண்ணாவை போய்ச் சேரும்வரை அந்த ஒரு சொல் வாய்க்குள் இனித்துக்கொண்டிருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிய இனிப்பு என்று நினைத்தாள்.

மாத முடிவில் இரத்தினம்மாவை நிறுத்தினார்கள். தேநீர் போடுவதற்குத்தான் அவளை எடுத்திருந்தார்கள். கேத்தல் இல்லாத அலுவலகத்தில் அவளுக்கு என்ன வேலை என்று வீரசிங்கம் எல்லோர் முன்னாலும் நியாயமாகத்தான் கேட்டார். நிரஞ்சனி மிஸ்தான் வேண்டாமென்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

படியில் நிரஞ்சனி அவளைப் பிடித்து நிறுத்தினாள். வயரை நேராகக் கொடுத்திருந்தால் அந்தக் கேத்தல் ஒருநாள் உன்னைக் கொன்றிருக்கும் என்று விளக்கப் பார்த்தாள்.

இரத்தினம்மா மரத்த விரல்களை மற்றக் கையால் நீவிக்கொண்டே கேட்டாள். "ஒருநாள்தானே மிஸ்? மத்த நாளெல்லாம் சோறு தின்னிருப்பேனே."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நிரஞ்சனி மேலே வந்தாள். அவள் மேசையில் பிளாஸ்க் தேநீர் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. சர்வர்கள் சீராக இரைந்துகொண்டிருந்தன. இப்போதெல்லாம் எந்தச் சுவிட்சும் விழுவதில்லை, யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்தாள்.