ஒன்பதாவது பாட்டு

இசைத்தட்டுக் கடைக்கு வந்த பெட்டியைப் பிரித்ததும் சிகுசா குறுந்தகட்டின் முகப்பைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் திருப்பினாள். மிஃபுயு பாட வந்து பதினைந்து ஆண்டுகள் ஆனதற்காக வந்திருக்கும் தொகுப்பு. ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பதினாறு பாடல்கள். மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தாள். 'ஈரக் காலணி' இல்லை.

அந்த மெட்டு சிகுசாவுடையது. பள்ளியில் இருவரும் ஒரே இசைக்குழுவில் இருந்தபோது, சொந்த ஊரான சுருவோகாவின் குளிரில் விரல் விறைக்க விறைக்க அவள் கிட்டாரில் போட்டது. மிஃபுயு தோக்கியோ போய் அதைத் தன் பெயரிலேயே பாடி வெளியிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முதல் சிகுசாவுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிட்டது. இரண்டு கோப்பை சாகே உள்ளே போனால் போதும், "அவ பேரு வாங்குனதே என் மெட்டுலதான்" என்று ஆரம்பித்துவிடுவாள். இப்போது அந்த மெட்டை ஒருவரும் சீந்தவில்லை. கடைக் கணினியில் ஓட்டு முடிவைத் தேடிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டாவது இடம். திருட்டுக் கொடுத்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

"என்னம்மா, நம்ம ஊர்ப் பொண்ணு ஆல்பம், இன்னும் அட்டை எழுதலையா?" என்று வந்தார் கடை மேலாளர் குவாபாரா. புது ஆல்பம் வந்தால் கடையில் வேலை செய்பவர்களே கேட்டுப் பார்த்து, கையால் நாலு வரி எழுதி, கீழே பெயர் போட்டு அடுக்கில் செருகுவது வழக்கம். சிகுசாவின் அட்டையைப் படிக்கவே வருகிறவர்கள் உண்டு. "நீ அவகூடப் படிச்சவ வேற. நல்லா உருகி எழுது."

"உருகுறதுக்கு நான் என்ன வெண்ணெயா சார்?"

"அதான் மூஞ்சி அடுப்புல வெச்ச மாதிரி இருக்கே."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் எட்டுப் பாட்டிலும் குறை கண்டுபிடித்தாள். இது அரைத்த மாவு, இதில் குரல் கீச்சிடுகிறது, இதற்கு எதற்கு இத்தனை வயலின். ஒன்பதாவதில் ஒரு பியானோ, ஒரு குரல், அவ்வளவுதான். பாதி வரும்போது குறை தேடுவதையே மறந்திருந்தாள். பாவி, எங்கிருந்து பிடித்தாள் இதை! தனக்கு இன்னொரு பிறவி கொடுத்தாலும் இப்படி ஒன்று வராது என்று சிகுசாவுக்குத் தெரிந்தது. பொறாமையில் கண் கலங்கியது. இதுவும் யாரிடமாவது திருடியதாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினாள்.

இரண்டு அட்டைகளைக் கிழித்துப் போட்டாள். மூன்றாவதில் எழுதினாள்: 'ஒன்பதாவது பாட்டை முதலில் கேளுங்கள். எனக்கு வயிறு எரிந்தது.' பெயர் போடும் இடத்தில் பேனா நின்றது. சொந்த ஊர்க் கடையின் அட்டைகளைப் படம் பிடித்து மிஃபுயுவுக்கு அனுப்பப்போவதாக இசை நிறுவனம் சொல்லியிருந்தது. சிறிது யோசித்துவிட்டு, 'குவாபாரா' என்று எழுதி முடித்தாள்.

அவர் அட்டையைக் கையில் எடுத்துப் படித்தார். "எனக்கு எதுக்கும்மா வயிறு எரியணும்? நான் இன்னும் அந்தப் பாட்டையே கேக்கலயே."

"கேளுங்க. எரியும்."

ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். சிகுசா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். லேசாக உதட்டைப் பிதுக்கினால்கூடப் போதும் அவளுக்கு. பிதுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிய இன்னும் நேரம் இருந்தது. போதும், கொடுங்கள் என்று அவள் கையை நீட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் பொறு என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினார்.