சபரி வந்துடட்டும்

மாமனாருக்காக அழக்கூட தீக்ஷாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. கண் திரும்பத் திரும்ப ஹால் கடிகாரத்துக்கே போனது.

அமெரிக்காவில், பிளானோவில் பெரிய மகன் வீட்டுக்கு வந்திருந்த வாஞ்சிநாதன் தூக்கத்திலேயே போய்விட்டார். ஃபியூனரல் ஹோமில் பன்னிரண்டு மணி வரைதான் ஹால். அதற்குள் சடங்கெல்லாம் முடிந்து உடலைத் தகனத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அடுத்த குடும்பம் காத்திருக்கும் என்று மேனேஜர் கேரல் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லியிருந்தார்.

சின்ன மகன் சபரியைத்தான் காணோம். சான்டா கிளாராவிலிருந்து முந்தின நாளே கிளம்பு என்று தீக்ஷா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். காலை ஃப்ளைட் போதும் என்றான். அதையும் கோட்டைவிட்டு அடுத்ததில் ஏறினான்.

"எங்க இருக்கே சபரி?"

"வந்துட்டேன் அண்ணி. பத்தே நிமிஷம்."

முக்கால் மணி நேரமாக அதே பத்து நிமிஷம்.

கேரல் கதவருகே வந்து, "மன்னிக்கணும், முடிச்சுக்கலாமா?" என்றார்.

பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்ற மாமியார் புஷ்பவல்லி அசையவில்லை. "சபரி வந்துடட்டும்."

"அத்தை, இது நம்ம வீடில்ல. டைம் முடியுது."

"ஒரு ஆயுசு கூட இருந்திருக்கேன். இன்னும் அரை மணி நேரம் இருக்கவிட மாட்டாங்களாமா?"

தீக்ஷா கணவனைப் பார்த்தாள். பத்ரி ஐயரைப் பார்த்தான். ஐயர் கூரையைப் பார்த்தார். கெஞ்சுவதும் மன்னிப்புக் கேட்பதும் எப்போதும்போல அவள் தலையில்தான்.

வெளியே வந்தாள். வராந்தா முழுக்க மலர் வளையங்களும் குழந்தை குட்டிகளுமாக ஒரு மெக்சிகோக் குடும்பம். அதிலிருந்த பெரியவரிடம் போய், "எங்களால உங்களுக்கு லேட். எங்க மாமனாரோட சின்ன பையன் இன்னும் வரலை" என்றாள்.

"என் தம்பியும்தான் வரலை. மான்டெரேலேருந்து கார்ல வர்றான். நேத்தே வந்திருக்கணும்" என்றார் அவர் சாவகாசமாக. "எங்கம்மாவுக்கு இனிமே என்ன அவசரம்?"

கேரலைக் கூப்பிட்டு, நாங்கள் அப்புறம் போய்க்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார். கேரல் பெருமூச்சு விட்டு ஃபோனில் எதையோ மாற்றினார். தீக்ஷா கைகூப்பினாள். கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. ஊரே இப்படி இடம் கொடுத்தால் சபரி என்றைக்குத் திருந்துவான்?

ஒருவழியாக வந்து சேர்ந்தான், கசங்கின சட்டையும் அவிழ்ந்த ஷூ லேஸுமாக. அவனைக் கிழித்துத் தொங்கவிட அவள் வாயைத் திறந்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஃப்ளைட்டை மிஸ் பண்ணிட்டேம்பா" என்று குழந்தை மாதிரி கேவினான். திறந்த வாயில் அவளுக்கும் அழுகைதான் வந்தது.

"பாத்தியா, வந்துட்டான்ல?" என்றாள் புஷ்பவல்லி, ஏதோ சொன்ன நேரத்துக்கு வந்தவனைப்போல.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஐயர் கேட்டார்: "நாளைக்குப் பால் தெளிக்கணும். காலைல அஸ்தி கைக்கு வந்துடும்ல?"

தீக்ஷா கேரலிடம் விசாரித்தாள். பத்து பிசினஸ் டேஸ் ஆகும் என்றார் கேரல்.

"பிசினஸ் டேன்னா?" என்றாள் புஷ்பவல்லி.

"சனி ஞாயிறு கணக்கில்ல அத்தை."

"செத்தவருக்கு எதுக்குடி சனி ஞாயிறு லீவு?"

தீக்ஷா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அடுத்த கெஞ்சலுக்குத் தயாராகி, கேரலின் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.