நிரந்தர விலாசம்

சின்னமுத்து எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நேரங்களில் பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, கண்டக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தார். "அண்ணே, இனிப் படிச்சு டாக்டராகப் போறீங்களோ?" என்று கேலி பண்ணினார்கள். அவருக்கு முதலில் பிடிபட்ட சொல் பன்வில. பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ் அது.

அதனால்தான், விவரம் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று அகீலா மிஸ் அவர் குடியிருந்த ஓடைக்கரைக்கு வந்து கேட்டபோது, எல்லாரும் சின்னமுத்துவைக் காட்டினார்கள். அகீலா கம்பளைக்காரி. நகரங்களைப் பற்றியே ஒன்பது வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள். மழை பெய்தால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, யாருக்குக் குழாய் இருக்கிறது, யார் வாளியோடு நடக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் படிப்பு. முதல் நாளே சின்னமுத்துவிடம் சொன்னாள்:

"கார் வெச்சிருக்கிறவருக்கு மட்டும் டவுன் இல்ல அண்ணன். மூட்டை தூக்குறவருக்கும் அதுல பங்கிருக்கு. அதக் கணக்குக் காட்டி நிரூபிக்கத்தான் நான் வந்திருக்கேன்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஓடைக்கரையில் நாற்பத்து மூன்று வீடுகள். அவர்களை ஓடையிலிருந்து எழுப்பி, மேட்டில் கட்டும் மாடி வீடுகளில் குடியேற்றப் போவதாகப் பேச்சு இருந்தது. அகீலா உள்ளே போய்ப் பெண்களிடம் தண்ணீரையும் கக்கூசையும் பற்றிக் கேட்பாள். சின்னமுத்து வாசலில் குந்தியிருந்து முதல் தாளை நிரப்புவார். பெயர், ஆட்கள், தொழில், நிரந்தர விலாசம். ஒரு தாளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவசரப்பட்டால் எழுத்துக் கோணிவிடும்.

விலாசம் கேட்டதும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. தோட்டத்தின் பெயர், லயம் என்கிற வரிசை வீட்டின் இலக்கம், பன்வில. இருபது, இருபத்தைந்து வருடமாக அதே தகரத்தின் கீழ் கிடப்பவர்கள்தான். பிள்ளைகள் அந்த மண்ணில்தான் பிறந்தன. ஆனாலும் அரசாங்கக் கந்தோரிலிருந்து தாள் என்று ஒன்று வந்தால் தோட்டத்து விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. பதிவில் பெயர் இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. டவுனில் இருக்கிறோம் என்று வாய் தவறினால் தோட்டத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள், பெயர் போனால் லயத்தில் இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா போகும், காம்பரா போனால் நாதியில்லை. தாய்ப்பாலோடு ஊட்டிய பயம் அது.

சின்னமுத்துவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் எழுதினார். அவர் கற்றுக்கொண்ட எழுத்து, வாய் சொன்னதை அப்படியே எழுதும் எழுத்து. கடைசித் தாள் அவருடையது. பேனாவை எடுத்தபோது மனைவி சுப்பம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தோட்டத்துப் பேர விட்டுராதீங்க," என்றாள்.

அவர் விடவில்லை.

அறிக்கை வந்தது. கொழும்பில் பெரிய மண்டபத்தில் அகீலா பேசினாள். பாராட்டினார்கள் என்று படம் அனுப்பினாள். சின்னமுத்து அந்தப் படத்தை மார்க்கெட் முழுக்கக் காட்டினார். எட்டு மாதம் கழித்துத் திட்டக் கந்தோர்ச் சுவரில் மாடி வீட்டுப் பட்டியலை ஒட்டினார்கள். பதினான்கு பெயர்கள். சின்னமுத்து விரல் வைத்து மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார்.

மறுநாள் அகீலா வந்தாள். கதிரையில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. இருபத்தொன்பது குடும்பங்களுக்கு வேறிடத்தில் நிரந்தர வீடு இருப்பதாக அவளுடைய அட்டவணையே சொல்கிறதாம். வேலைக்காக வந்து தங்கிப் போகிறவர்கள் என்று அவளே ஒரு அத்தியாயம் எழுதியிருந்தாளாம். கந்தோரில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னாலேயே வைத்தார்களாம்.

"ஏன் அண்ணன் எங்கிட்ட சொல்லல்ல?"

"நீங்க கேக்கலையே மிஸ். விலாசம்னுதான் போட்டிருந்திச்சு."

"நான் கேட்டிருக்கணும்," என்றாள். "ஒம்பது வருஷம் படிச்சவ நான்தானே."

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. இவர்கள் தோட்டத்தில் வசிப்பதில்லை என்று தோட்டமே எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு செய்யலாம். முதலில் சின்னமுத்துவுடையதை வாங்கிப் பார்ப்போம் என்று இருவரும் பன்வில பஸ் ஏறினார்கள். தோட்டக் கந்தோரில் சுதேஷ் என்ற கிளாக்கர் பையன் தடித்த பதிவை இறக்கிப் புரட்டினான். லயம் கிடைத்தது. காம்பரா கிடைத்தது. பெயரும் கிடைத்தது. அதன் மேல் சிவப்புக் கோடு.

"ரெண்டாயிரத்துப் பதினொன்னுலேயே வெட்டியாச்சுங்க. காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

சின்னமுத்து கோட்டைப் பார்த்தார். நேர்கோடு, அடிமட்டம் வைத்து இழுத்தது. பதினாலு வருடமாக இல்லாத பெயரைக் காப்பாற்றத்தான் இருந்த வீட்டை எழுதாமல் விட்டிருக்கிறார்.

பெயர் வெட்டியாகிவிட்டது, அவர் அங்கே இல்லை என்று கடிதம் கிடைத்தது. முத்திரையும் விழுந்தது. திட்டக் கந்தோரில் அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆட்சேபம் சொல்லும் திகதி முடிந்துவிட்டது. அதோடு, இந்தக் கடிதம் உண்மையென்றால் அன்று எழுதிக் கொடுத்தது பொய். பொய் விவரம் கொடுத்தவருக்கு வீடு இல்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றார்கள். கையெழுத்தும் அவருடையதுதான், சந்தேகமில்லை.

அகீலா சும்மா இருக்கவில்லை. தன் அறிக்கை பிழை, அதை வாபஸ் வாங்குகிறேன் என்று எல்லாருக்கும் எழுதினாள். அதனால் அவளுடைய அடுத்த வருட வேலைதான் நின்றதே தவிர, சுவரில் பட்டியல் அப்படியே இருந்தது. கடைசியாக ஒரு நாள் அவள் ஓடைக்கரைக்கு வந்தாள். நாற்பத்து மூன்று தாள்களையும் ஒரு கோப்பில் போட்டு மடியில் வைத்திருந்தாள். சின்னமுத்துவின் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வடிவா எழுதியிருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஓடைக்கரை வீடுகளை இடிக்கத் தகரம் பிரிக்கும் நாள் வந்தது. சுப்பம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். அவருடைய சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதம் கீழே விழுந்தது. எடுத்து, முத்திரையைப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"தோட்டத்துக் கடுதாசியா? என்னா எழுதியிருக்கு?"

சின்னமுத்து வாங்கிப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"நம்ம பேரு இருக்குன்னு எழுதியிருக்கு," என்று வாசித்தார்.

"நாந்தான் சொன்னேன்ல," என்றாள் அவள். பொலித்தீன் பையில் அடையாள அட்டைகளோடு அதையும் வைத்து, காற்றுப் புகாமல் மடித்துக் கட்டினாள்.