மடித்து வெட்டிய லேத்

கோட்டுத் தையல்காரர் ஒருவர் இருந்தார், கண்ணுகளா. அவர் தைத்த கோட்டைப் போட்டால் கூனல் முதுகும் நிமிர்ந்து நடக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஊசிக்காது கண்ணாமூச்சி காட்ட ஆரம்பித்தது. நூலை எச்சில் தொட்டுத் தொட்டு நீட்டுவார். ஊசி இந்தப் பக்கம், நூல் அந்தப் பக்கம். கடைசியில் மனைவி ஒன்றும் பேசாமல் வாங்கிக் கோத்துக் கொடுப்பாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்தப் பேசாமைதான் அவரை வாட்டியது. ஊசி கைவிட்டாலும் கை சும்மா கிடக்கக் கூடாது என்று முடிவு கட்டினார்.

கோட்டுக்கு மரப் பட்டன் வாங்கப் போன இடத்தில், ஒருவன் லேத் என்கிற கடைசல் மெஷினில் கட்டையைச் சுழலவிட்டு உளியை வைத்ததைப் பார்த்திருக்கிறார். மரம் வெண்ணெய் மாதிரிச் சுருண்டு விழுந்ததாம். அன்றையிலிருந்து சோற்றில் கை வைத்தாலும் அதே நினைப்பு.

தன்னுடைய பழைய தையல் மெஷின் ஒன்றை விற்றார். கைக்கு வந்தது அந்தப் பணம் மட்டும்தான். ஒரு லேத்துக்குக் காணும். தப்பானதை வாங்கிவிட்டால் இன்னொன்றுக்கு வழியில்லை.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். துணி வெட்டுகிறவள் அவள்தான். இருவருக்கும் சேர்த்து வேலை செய்ய இருந்தது ஒரே அறை.

"என் மேஜை இருக்கிற இடத்துலதான் இருக்கும். ஜன்னல் மூலை உங்களுக்கு. அதுல அடங்கினா கொண்டு வாங்க. மேஜையை நகத்தணும்னா நான் கத்தரிக்கோலைக் கீழ வெச்சிடுவேன்."

பழைய மெஷின்கள் விற்கும் கடைக்குத் தையல்காரர் தன் மச்சினனைத் துணைக்கு அழைத்துப் போனார். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். மெஷின் என்று எழுதிக் காட்டினாலே கருத்துச் சொல்லுவான்.

கடையில் இரண்டு லேத் இருந்தன. ஒன்று வார்ப்பிரும்பு, கட்டில் நீளம், நாலு கால், யானைக்குட்டி மாதிரி. கையிலிருந்த பணம் மொத்தமும் அதற்கே சரியாகப் போய்விடும். இன்னொன்று மேஜைமேல் வைக்கிற சின்னது. பாதி விலை.

"லேத்துன்னா கனம் வேணும் மாமா. கனம் இல்லேன்னா ஆடும்" என்றான் மச்சினன்.

"இதுல கட்டில் காலே கடையலாம்டா" என்று தையல்காரர் பெரியதைத் தடவினார்.

காதில் பேனா செருகியிருந்த கடைக்காரர் கேட்டார். "எடுத்துக்குங்க, நான் தடுக்கல. உளி இருக்கா?"

"உளியா?"

"உளி இல்லாம லேத்தை வெச்சு என்ன செய்வீங்க, ஊதுவீங்களா?"

அதைக் கேட்கத் தையல்காரர் அங்கே இல்லை. ஆள் நின்றார், மனசுதான் இல்லை. இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி யானைக்குட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். மச்சினன் எழுதிக்கொண்டான்.

இங்கேதான் நாற்பது வருஷப் பழக்கம் காலை வாரியது. மனுஷ உடம்புக்கு இடமும் வலமும் ஒன்றுதானே? தையல்காரர் பாதி அளவெடுப்பார், தாளை மடித்து வெட்டுவார், விரித்தால் முழு ஆள். லேத்துக்கும் அப்படியே செய்தார். நடுவிலிருந்து வலது கோடி வரை அளந்தார். அது ஒல்லிப் பக்கம். மோட்டார் தொப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இடது பக்கத்துக்கு டேப் போகவே இல்லை.

வீட்டில் பழுப்புத் தாளை மடித்து வெட்டி, ஜன்னல் மூலையில் விரித்தார். இரண்டு விரல் மிச்சம் விட்டு அடங்கியது. மனைவி தாளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"யானைக்குட்டின்னீங்க, இடுப்பு இவ்ளோ ஒல்லியா இருக்கே?"

"நல்ல உடம்புவாகு" என்றார் அவர்.

மறுநாள் பணம் கட்ட மூவரும் போனார்கள். மனைவி சுருட்டிக் கொண்டுவந்த தாளை மெஷின்மேல் விரித்தாள். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் மோட்டார் இரண்டு சாண் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க, இது எந்தப் பக்கத்து அளவு?"

"வலது."

"இடதுக்கு?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். "மடிச்சு வெட்டினேன்."

"நான் அவர் சொன்னதைத்தான் எழுதினேன்க்கா" என்று மச்சினன் முந்திக்கொண்டான்.

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் காதுப் பேனா கீழே விழுந்தது. "சட்டை அளவெடுத்து மெஷின் வாங்க வந்தவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி வாடியிருந்தது. "மேஜையை வேணா ஒரு ரெண்டு சாண்..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்" என்றார் அவர். "ஜன்னலை விட்டுத் தள்ளிப் போய் அந்த வெளிச்சம் போனா உனக்கும் கண்ணு போயிடும்."

ஆக யானைக்குட்டி கைநழுவிப் போயிற்று. சின்னதில் தன் கை ஓடுமா என்று அவருக்குப் பயம். கடைக்காரர் அவர் முகத்துக்கு முன்னால் கண்ணாடி மறைப்பை மாட்டி, கட்டையைச் சுழலவிட்டு, உளியைக் கொடுத்தார். தையல்காரர் அழுத்தினார். கட்டை உளியைக் கடித்து உதறியது. மச்சினன் கதவருகே போய் நின்றுகொண்டான்.

"அழுத்தாதீங்க. தையல் மெஷின்ல துணியைப் பிடிச்சுத் தள்ளுவீங்களா?"

"தள்ளினா சுருங்கிடும். அதுவா போகும், நான் கை மட்டும் வெப்பேன்."

"அவ்வளவுதான் இங்கயும்."

தையல்காரர் மூச்சை விட்டார். கையை மட்டும் வைத்தார். சுருள் ஒன்று நீளமாக எழுந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. கண் ஓரமாக நின்றது, விரல்கள் பார்த்துக்கொண்டன. மெஷினை நிறுத்தியபோது எலுமிச்சை அளவில் உருண்டையாக ஒன்று நின்றது.

"என்ன மாமா இது? மூடியா, குமிழா?" என்றான் மச்சினன்.

"தெரியலடா."

மனைவி அதை வாங்கிக் கட்டைவிரலால் சுற்றி வந்தாள். திரும்பவும் சுற்றினாள். கோட்டுக் கையைத் தோளோடு சேர்த்த இடத்தைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"எங்க தேடினாலும் ஒரு தையல் தெரியலையே" என்றாள்.

நாற்பது வருஷத்தில் அவளிடமிருந்து அவர் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான், கண்ணுகளா. அவருக்கு மறைப்பைக் கழற்றத் தோன்றவில்லை. உள்ளே கண்ணாடி பனித்துப்போயிருந்தது.

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "சின்னதையே கட்டிக் கொடுங்க. மீதிப் பணத்துக்கு எத்தனை உளி வரும்?"