பதினைந்தாவது நாற்காலி

பேச்சுவார்த்தை என்பது பெயருக்குத்தான். மன்ஹாட்டனில் அந்த ஓட்டலின் மூன்றாம் மாடியில் இலையுதிர்காலம் முழுக்க நடந்தது என்னவோ காத்திருப்புதான். கூடைப்பந்து அணிகளின் முதலாளிகள் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வீரர்கள் இன்னோர் அறையில் ஆறிப்போன காபியும் காய்ந்துபோன சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் நடுவில் நடந்து நடந்து கம்பளத்தைத் தேய்த்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி வக்கீல்தான், அவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி.

வெண்டெல் ப்ரூயிட் வீரர்களின் குழுவில் ஒருவன். முப்பத்தைந்து வயது, பிட்ஸ்பர்க் அணியில் பதினைந்தாவது ஆள். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். அதில் கடைசி ஆள் என்றால் பெஞ்சின் கடைக்கோடி. ஆட்டம் கையை விட்டுப் போன பிறகோ, கைக்குள் வந்துவிட்ட பிறகோ, ரசிகர்கள் கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவனைக் களத்தில் இறக்குவார்கள். பன்னிரண்டு வருடம் அப்படியே ஓட்டினான். பயிற்சியில் எல்லாருக்கும் முன்னால் வருவான், நட்சத்திரங்களை முட்டி மோதித் தயார்செய்வான், இரவு பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவான். அவனுக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. அடிபட்டிருந்த ஒரு முழங்காலும் ஆறியிருந்தது. இன்னும் ஒரு வருடம், முடிந்தால் இரண்டு, ஆட வேண்டும் என்று இருந்தான்.

அந்த ஒரு வருடத்துக்குத்தான் முதலாளிகள் உலை வைத்தார்கள். கோடையில் ஒப்பந்தம் முடிந்ததும் கதவடைப்பு அறிவித்தார்கள், புது ஒப்பந்தம் வரும்வரை ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. வருமானத்தில் வீரர்களின் பங்கைக் குறைக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அணிக்குப் பதினைந்து பேர் தேவையில்லை, பதினான்கு போதும் என்பது இரண்டாவது. சின்ன ஊர் அணிகள் பிழைக்க வேண்டாமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

கதவடைப்பு என்றால் கதவு மட்டுமில்லை, வாயும் அடைப்புதான். அணியைச் சேர்ந்த யாரும் வீரர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அணிக்கு அபராதம். ஆகஸ்டில் ஒருநாள் மளிகைக் கடையில் வெண்டெல் தன் பயிற்சியாளர் நோலனை எதிரே பார்த்தான். நோலன் அவனைப் பார்த்தார், வண்டியில் இருந்த தர்பூசணியைப் பார்த்தார், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு சோப்பு அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டார். வெண்டெலுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. மாதங்கள் போகப் போக அதை நினைத்தால் வயிறு எரிந்தது.

வீரர்களின் வக்கீல் ரூத் கேஸ்லர் பழம் தின்று கொட்டை போட்டவர். பதினைந்தாவது ஆளை விட்டுக்கொடுத்தால் அடுத்து பதினான்காவது ஆளைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதல் நாளே வெண்டெலை மேசையின் நடுவில், தன் பக்கத்து நாற்காலியில், முதலாளிகளுக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் அவனுக்கு இரண்டு பக்கமும்தான்.

"நீங்க பேசவே வேணாம், வெண்டெல்," என்றார். "அவங்க உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இந்த ஆளு தேவையில்லைன்னு சொல்லட்டும். இந்த நாற்காலிய விட்டு மட்டும் அசைஞ்சுடாதீங்க."

அது வேலை செய்தது. பிட்ஸ்பர்க் அணியின் முதலாளி ஹோவர்ட் லெங்கில்தான் முதலாளிகள் தரப்பில் வாய். தரைவிரிப்பு விற்றுப் பணக்காரரானவர். சொந்த அணியின் ஆட்டங்களை இருபது வருடமாகக் களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து பார்ப்பவர். பங்கு, வரி, தொலைக்காட்சி என்று எதைப் பற்றியும் கொட்டி முழக்குவார். பதினைந்தாவது ஆள் என்று வந்ததும் குரல் இறங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை விட்டுக் கூரை விளக்கைப் பார்த்துப் பேசுவார். நவம்பர் கடைசியில், மறுநாளைக்குள் பேச்சு முடியாவிட்டால் ஆட்டப் பருவமே போய்விடும் என்ற நிலையில், அவர்கள் வக்கீல் காலையிலேயே மென்று விழுங்கிக்கொண்டு, அந்த இரண்டாவது கோரிக்கையை மறுபடி யோசிக்கலாம் என்றார். ரூத் மேசைக்கு அடியில் வெண்டெலின் முழங்காலைத் தட்டினார். நல்ல முழங்காலைத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒமாரி பெல் உள்ளே வந்தான்.

ஒமாரி அந்த வருடத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரன், பிட்ஸ்பர்க்கின் உயிர்நாடி. வெண்டெலைவிட ஒன்பது வயது சின்னவன். அதுவரை ஒரு பேச்சுக்கும் வந்ததில்லை. பருவமே போய்விடும் போலிருக்கிறதே என்று பதறி விமானம் பிடித்து வந்திருந்தான். அறை நிரம்பி வழிந்தது, காலி நாற்காலி இல்லை. ஒமாரி மூச்சு வாங்க மேசையை நெருங்கினான்.

வெண்டெல் எழுந்தான்.

அவன் யோசிக்கவில்லை, அதுதான் கொடுமை. களத்தில் ஆடுகிறவன் வெளியே வந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து இடம் விட வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. வியர்த்து வருபவனுக்குப் பயிற்சியாளரின் பக்கத்து நாற்காலி, எழுந்தவனுக்குக் கடைக்கோடி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வெண்டெல் ஒமாரியின் தோளில் தட்டினான், நாற்காலியை இழுத்துப்போட்டான். போதாக்குறைக்கு மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மூடி திருகித் திறந்து அவன் கையில் கொடுத்தான். பிறகு சுவரோரமாக நடந்து காபிக் குடுவைக்குப் பக்கத்தில் போய் நின்றான். நின்ற பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

ஒமாரியும் யோசிக்கவில்லை. ஆயிரம் தடவை உட்கார்ந்தது போலவே உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தான்.

லெங்கில் கூரை விளக்கைப் பார்க்கவில்லை. வெண்டெல் நடந்துபோனதை முழுக்கப் பார்த்தார், ஒமாரி குடித்து முடிக்கும் வரை பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, கொஞ்சம் இடைவேளை வேண்டும் என்றார்.

ரூத் அறைக்கு வெளியே வெண்டெலை மடக்கினார்.

"ஏன் எந்திரிச்சீங்க?"

எழுந்தது வெண்டெல் இல்லை, அவன் கால் என்று சொன்னால் எந்த வக்கீலுக்குப் புரியும்? இத்தனை வாரம் கட்டியதை ஒரு நிமிடத்தில் தானே உடைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் முதலாளிகள் திரும்பி வந்தார்கள். பங்கு விஷயத்தில் வீரர்கள் கேட்டதையே தருகிறோம் என்றார் லெங்கில். கோடையிலிருந்து மசியாதவர்கள் மத்தியானத்தில் மசிந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, அணிக்குப் பதினான்கு பேர். இந்தத் தடவை ஒமாரியின் முகத்தைப் பார்த்தபடி, தடங்கலே இல்லாமல் சொன்னார்.

வீரர்கள் தங்கள் அறையில் கூடினார்கள். மறுக்கச் சொல்லி ரூத் மன்றாடினார். காலையில் இறங்கி வந்தவர்கள் மாலைக்குள் முழுதாக இறங்குவார்கள், ஒரு நாள் பொறுங்கள் என்றார். யாருக்கும் பொறுமை இல்லை. சிலருக்கு ஆட வேண்டும், சிலருக்குக் கையில் காசு தீர்ந்துவிட்டது, எல்லாருக்கும் அந்த ஓட்டலைக் கண்டாலே குமட்டியது. கடைசியில் எல்லாரும் ஒமாரியைப் பார்த்தார்கள். அவன் சொன்னால் நடக்கும். ஒமாரி வெண்டெலைப் பார்த்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான். "நீங்க எப்படியும் இன்னும் ஒரு வருஷம்தானே ஆடப்போறீங்க? அதுக்காக மொத்த லீகும் வீட்டுல உக்காரணுமா?"

அவன் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் வெண்டெலுக்கு அதிகமாக வலித்தது.

"அந்த ஒரு வருஷத்தத்தான்டா கேக்குறேன்," என்றான் வெண்டெல். "எனக்கு மட்டும் இல்ல. ஒவ்வொரு டீம்லயும் ஒருத்தன் இருக்கான். நான் லீக்குக்குள்ள வந்ததே பதினஞ்சாவது ஆளாத்தான். அந்த எடம் இல்லாட்டி நான் இன்னைக்கு எங்கயோ ஸ்கூல் பசங்களுக்கு விசில் ஊதிக்கிட்டு இருப்பேன்."

"உங்களுக்கு வேற டீம் கெடைக்கும்ணே."

"எல்லா டீம்லயும் அந்த எடத்தத்தானடா எடுக்குறாங்க."

ஒமாரி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அது அப்போதுதான் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது ஏற்கிறோம் என்ற பக்கம்தான் தூக்கினான். அவன் தூக்கியதும் மற்றவர்களின் கைகளும் உயர்ந்தன. வேண்டாம் என்ற பக்கம் வெண்டெலின் கை மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அடுத்தவன் போடும் பந்துக்கெல்லாம் தட்டிய கை.

ஒப்பந்தம் முடிந்ததும் இரண்டு தரப்பும் கை குலுக்கின. கோடையிலிருந்து ஒருவரையொருவர் திருடன் என்று திட்டியவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். லெங்கில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெண்டெலிடமே வந்தார்.

"உன்ன மாதிரி ஆளு கெடைக்கிறது கஷ்டம்ப்பா," என்றார். "தன் எடம் எதுன்னு தெரிஞ்சவன். காலைல பாத்தேன்."

பாராட்டுகிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். வெண்டெலுக்கு நாக்கின் நுனிவரை ஏதோ வந்தது. "சரி சார்," என்று மட்டும் சொன்னான். சொன்னதற்காக லிஃப்டில் இறங்கும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

கீழே ஓட்டலின் கூடத்தில் ஆள் உயரத்துக்கு முதுகு வைத்த தோல் நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் போய் விழுந்தான். கண்ணாடிக்கு அப்பால் நடைபாதையில் ஒமாரியைச் சுற்றி விளக்குகள் பளிச்சிட்டன. பருவத்தைக் காப்பாற்றியது அவன்தான் என்று பத்திரிகைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பதினான்கா பதினைந்தா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெண்டெலின் கைபேசி ஒலித்தது. திரையில் நோலனின் பெயர்.

கதவடைப்பு முடிந்துவிட்டது, இனி பேசலாம். எத்தனை மாதமாக இந்த அழைப்புக்குக் காத்திருந்தான். இப்போது எதற்கு வருகிறது என்பதும் தெரிந்தது. நோலன் நல்ல மனிதர். இடம் போன செய்தியை வேறு யாரோ சொல்லி அவன் கேட்க வேண்டாம் என்று முதல் ஆளாகக் கூப்பிடுகிறார்.

பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து நோலன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்துதான் பழக்கம். இப்போதும் இரண்டு தொடையும் தானாக இறுகின, குதிகால் தரையில் ஊன்றியது. வெண்டெல் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வெண்டெல், நான்தான்டா," என்றார் நோலன். "ஒரு விஷயம் பேசணும். எங்க இருக்கே?"

"சொல்லுங்க கோச்," என்றான். "உக்காந்துதான் இருக்கேன்."